எதிர்முனை

கடவுளைத் திட்டுவதற்கு அந்தக் கட்டடத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மூன்றாம் மாடியில், காப்பி இயந்திரத்தைத் தாண்டி, நடைவழி சுவரில் போய் முட்டுகிற இடத்தில் ஒரு சின்ன அறை. கதவில் ‘அமைதி அறை’ என்று பலகை. உள்ளே சாம்பல் நிறக் கம்பளம். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க மேடும் பள்ளமுமாக நுரை அட்டை. ஓர் அலமாரியில் எல்லா மதத்துப் புத்தகங்களும் சண்டை சச்சரவு இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். எதையும் யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை.

முன்பு அது பயிற்சிப் பிரிவின் அறை. குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் விற்கிற அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீழ்த்தளத்து வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். அனுபவமுள்ள ஒருவர் இந்த அறைக்குள் போய், கோபக்கார வாடிக்கையாளராக நடித்து, மைக் வழியாக அவர்களை வறுத்தெடுப்பார். பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. மேசையையும் மைக்கையும் சுவரோடு திருகியிருந்ததால் அவற்றை மட்டும் விட்டுவிட்டு, கம்பளம் விரித்து, பலகையை மாட்டி, கம்பெனிக்கு மனசாட்சி இருக்கிறது என்று காட்டிக்கொண்டார்கள்.

சாப்பாட்டு இடைவேளையின் முதல் பாதியில் அந்த அறை பிரார்த்தனைக் குழுவுக்கு. பின்பாதியில் பஞ்சுவுக்கு.

பஞ்சு என்பது பிரிவில் அவளுக்கு வைத்த பெயர். குரல் அப்படி. வாசலில் நின்று கத்துகிறவனையும் அந்தக் குரல் நாற்காலியில் உட்காரவைத்துவிடும். “உங்க கோபம் எனக்குப் புரியுது சார். உங்க இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் பேசுவேன்.” எத்தனையோ ஆண்டுகளாக இதைச் சொல்லி, கெட்ட வார்த்தையைக் காதில் வாங்கி, மன்னிப்பை வாயால் கொடுத்து வந்தவள். இயந்திரம் செய்தவன் செய்த தப்பு, வண்டியில் ஏற்றியவன் செய்த தப்பு, எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்பது அவள் வேலை. வேலையில் இருக்கும்போது சொந்த போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அது விதி.

மழைக்காலத்தில் ஒருநாள், ஒரு வயதான அம்மாள் தன் ஃப்ரிட்ஜின் கதவு சரியாக மூடவில்லை என்று அழுதுகொண்டே புகார் சொன்னாள். பஞ்சு பொறுமையாகக் கேட்டாள். கதவின் ரப்பரைத் துடைக்கச் சொன்னாள், காகிதம் வைத்துப் பார்க்கச் சொன்னாள், பேரன் பேத்தி கதையையும் கேட்டாள். கடைசியில் அந்த அம்மாள், “நீயும் உன் புள்ளைங்களும் நல்லா இருக்கணும்மா” என்று வாழ்த்தினாள். பஞ்சு லாக்கரைத் திறந்தபோது போனின் திரை முழுக்க எடுக்காத அழைப்புகள். எல்லாம் கணவனிடமிருந்து. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மருத்துவரும் சொல்லியிருந்தார். இவள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். ஒரே மகள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் துக்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது கோபம்தான். அழுகிறவளுக்கு எல்லாரும் தோள் கொடுக்கிறார்கள். கோபப்படுகிறவளுக்கு எங்கே இடம்?

வீட்டில் இல்லை. கணவன் ஒரு பிரார்த்தனைச் சபையில் சேர்ந்துவிட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து கோவில், கும்பிடு என்று எதிலும் தலைகாட்டாத மனுஷன், இப்போது சாயங்காலமானால் குளித்துவிட்டு, மகளுடைய அறையில் போய் உட்கார்ந்துகொண்டான். கட்டிலை எடுத்துவிட்டார்கள். புத்தக மேசையை எடுத்துவிட்டார்கள். பாய் விரித்துவிட்டார்கள். சபையைச் சேர்ந்தவர்கள் செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு, இவளைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். அந்தத் தலைச்சாய்ப்பைப் பார்த்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஒருதடவை வந்து உக்காரேன்” என்றான் கணவன்.

“யார் பக்கத்துல?”

“எங்க பக்கத்துல. மனசு லேசாகும்.”

“எனக்கு எதுக்குங்க லேசாகணும்? என் புள்ள என்ன மூட்டையா, இறக்கி வெச்சுட்டு நடக்கிறதுக்கு?”

“உன்கிட்ட பேச முடியாது.”

“அதான் அவர்கிட்ட பேசறீங்க. அவர் எதிர்த்துப் பேச மாட்டார்ல.”

அவன் சட்டையின் கைப் பித்தானைப் போட்டுக்கொண்டான். அழுது கிடந்தவன்தான். சவரம்கூடச் செய்யாமல் தரையில் படுத்துக் கிடந்தவன்தான். இப்போது அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அந்தத் தெளிவை அவளால் மன்னிக்க முடியவில்லை. தன்னைக் கேட்காமல் எதிராளியோடு சமாதானக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

ஆக மிச்சம் இருந்தது அமைதி அறைதான். முதல் நாள் சும்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்காரத்தான் போனாள். உட்கார்ந்ததும் வாய் தானாகத் திறந்தது. எப்படித் திட்டுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊரிலுள்ள கோபக்காரர்கள் எல்லாரும் அவளுக்கு வாத்தியார்கள். யார் யார் எந்த இடத்தில் குரலை உயர்த்துவார்கள், எந்த இடத்தில் சட்டென்று இறக்கிப் பயமுறுத்துவார்கள் என்பதெல்லாம் அத்துபடி. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, எதிரே இருந்த நுரை அட்டையைப் பார்த்து ஆரம்பிப்பாள்.

“ஹலோ. நான்தான். நேத்தும் பேசினேன், முந்தாநாளும் பேசினேன். ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து சொல்லணுமா? உன்கிட்ட பதிவு எதுவும் கிடையாதா? மாத்திக் கொடுன்னு நான் கேக்கலை. உன்னால அது முடியாதுன்னு எனக்குத் தெரியும். தப்பு நடந்துபோச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லு. அதுல என்ன குறைஞ்சுடுவே நீ? நாங்க ஃப்ரிட்ஜுக்கே சொல்றோமே!”

பிறகு நிறுத்திக் காத்திருப்பாள். அது முக்கியம். பதில் சொல்ல எதிராளிக்கு நேரம் கொடுக்க வேண்டும். நுரை அட்டை சும்மா இருக்கும். மறுபடியும் தொடங்குவாள்.

“கேக்குதா? கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லு. உனக்கு மேல யாராவது இருந்தா அவங்களைக் கூப்பிடு.”

வெளியே வரும்போது தொண்டை எரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு தன் இருக்கைக்குப் போய், ஹெட்போனை மாட்டி, “வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவ முடியும்?” என்பாள். அந்தக் குரலில் ஒரு கீறல் இருக்காது. அந்த அரை இடைவேளை இல்லாவிட்டால் என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒரு வாடிக்கையாளரின் காதைக் கிழித்திருப்பாள். அது அவளுக்குத் தெரியும்.

பிரார்த்தனைக் குழுவுக்குத் தலைமை சம்பள அக்கா. சம்பளப் பிரிவில் இருப்பவள்; கட்டடத்தில் எல்லாருக்கும் மூத்தவள். எப்போதும் சிரித்த முகம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். போன பிறகு அடுத்த பிரிவில் போய்ச் சொல்லிவிடுவாள். ஒருநாள் குழு கலைந்து வெளியே வர, பஞ்சு உள்ளே போக, வாசலில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். சம்பள அக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்க. தோட்டத்துல நல்ல பூவாப் பாத்துத்தான் அவர் பறிச்சுக்குவார்.”

பஞ்சு கையை விடுவித்துக்கொண்டாள். பஞ்சுக் குரலிலேயே கேட்டாள்:

“அப்ப உங்க வீட்ல இருக்கிற ரெண்டும் பறிக்கிற மாதிரி இல்லைங்களா, அக்கா?”

குழுவில் யாரோ ‘ஐயோ’ என்றார்கள். சம்பள அக்காவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. அந்தச் சிரிப்போடுதான் அவள் நடந்து போனாள்.

அன்றிலிருந்து குழு இவளுக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தது. லிஃப்டில் பார்த்தால், “உங்களுக்காக வேண்டிக்கறோம்” என்றார்கள். கேட்கிற காதுக்கு அது, ‘உன்னைக் கவனிச்சுக்கறோம்’ என்பது மாதிரி இருந்தது. ஒருநாள் அவள் நாற்காலியில் மஞ்சள் அட்டையில் அச்சடித்த ஆறுதல் வசனம் கிடந்தது. பஞ்சு அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் மேசையின் காலடியில் வைத்தாள். ஆட்டம் நின்றது. “நல்லா வேலை செய்யுது, தேங்க்ஸ்னு சொல்லிடுங்க” என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள். அதுவும் சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையில் சம்பள அக்காவுக்குத் தன் பாட்டு கணீரென்று கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மேசையில் இருந்த பழைய மைக்கோடு இணைத்தார்கள். பாடி முடித்து ஸ்பீக்கரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். மைக்கை அணைக்கவில்லை.

அதே நாள் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. பயிற்சி கொடுப்பவன் இளைஞன். பிரிவில் அவனை வாத்தி என்பார்கள். புதிய கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஞாபகம் வந்து பழைய லைனைப் போட்டுப் பார்த்தான். அது வேலை செய்தது. அதுமட்டுமில்லை, எதிர்முனையில் ஒரு பெண் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தாள். குரல் கரகரத்து, கிழிந்து வந்தது; யாரென்று அவனுக்குப் பிடிபடவில்லை. யாரோ சீனியர் தனக்கு உதவி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

“கவனமாக் கேளுங்க. கோபக்கார கஸ்டமர். அவங்களுக்குப் பதில் சொல்ற நம்ம ஆள் எப்படிச் சமாளிக்கிறார்னு மார்க் போடுங்க” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது வகுப்பில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். மற்றவர்கள் ஹெட்போனைக் கழற்றாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தான். “அவ எனக்கு போன் பண்ணச் சொல்லிக் கேட்டிருக்கா. அம்மா எங்கேன்னு கேட்டிருக்கா. நீ அப்ப என்னை யார்கூடப் பேச வெச்சே? சொல்லு!” என்று குரல் உடைந்தபோதுதான் அவனுக்கு ஆளைத் தெரிந்தது. ஓடிப்போய் லைனைத் துண்டித்தான்.

வகுப்பில் கேட்டது வாசலில், வாசலில் கேட்டது மாடியில். சாயங்காலத்துக்குள் மனிதவள அதிகாரியின் அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி அறை, மேசையில் யாரோ கொடுத்த பிளாஸ்டிக் செடி. அதிகாரி சின்ன வயசுக்காரன். கஷ்டமான பேச்சு என்றால் விரல்களைக் கோத்துக்கொள்வான். இப்போது கோத்திருந்தான்.

“மேடம், உங்க இழப்பு எங்களுக்குப் புரியுது…”

“‘உங்க இடத்துல நான் இருந்தாலும்’னு அடுத்து வரணும்” என்றாள் பஞ்சு. “அதை விட்டுட்டு மேல சொல்லுங்க.”

“அது பிரார்த்தனைக்கான அறை. அங்க உக்காந்து…” அவன் சம்பள அக்காவைப் பார்த்தான்.

“கடவுளை வாடா போடான்னு பேசறது” என்று சம்பள அக்கா முடித்துக் கொடுத்தாள்.

“வாடா போடான்னு நான் சொன்னதில்லை. நீ, வா, போதான். வீட்டுக்காரர்கிட்டகூட அந்த உரிமையை நான் எடுத்துக்கிட்டதில்ல.”

“பாத்தீங்களா? இதுதான் பேச்சு! நாங்க இத்தனை பேர் நம்பிக்கையோட முட்டி போடற இடம் சார் அது.”

“முட்டி போட்டு நீங்க என்ன கேக்கறீங்க, அக்கா? புரமோஷன் கேக்கறீங்க. மருமகளுக்குப் புத்தி வரணும்னு கேக்கறீங்க. போன வாரம் கதவு சாத்தலை, எல்லாம் காதுல விழுந்துச்சு. அவர் இருக்கார்னு நீங்க நெனைச்சிருந்தா அவர்கிட்ட இதையா கேப்பீங்க? நான் ஒருத்திதான் அங்க ஆள் இருக்கார்னு நெனைச்சுப் பேசறேன்.”

வாத்தி தொண்டையைக் கனைத்தான். தப்பு தன்னுடையது என்று அவனுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. பஞ்சுவைக் காட்டி, “மைக்கை ஆன்ல விட்டது இவங்க இல்ல சார். அவங்களுக்கு எதுவும் தெரியாது. பாவம், புள்ளைங்களும் நடிப்புன்னு நெனைச்சு மார்க் போட்டுட்டாங்க.”

“மார்க்கா?” என்றாள் பஞ்சு.

“விடுங்கக்கா.”

“யாருக்கு? எனக்கா?”

“கஸ்டமருக்கு யாராவது மார்க் போடுவாங்களா அக்கா? எதிர்முனையில இருக்கிறவருக்குத்தான்.”

பிளாஸ்டிக் செடியில் குளிர்காற்று பட்டு இலைகள் படபடத்தன.

“எவ்வளவு போட்டாங்க தம்பி?”

வாத்தி அதிகாரியைப் பார்த்தான், சம்பள அக்காவைப் பார்த்தான். பிறகு பிரிவில் பேசுகிற வழக்கத்தில், வேலைப் பேச்சாகவே சொன்னான். “ஃபெயில்தான். வணக்கம் சொல்லலை. பேரைக் கேட்டுக்கலை. வருத்தம் தெரிவிக்கலை. கஸ்டமர் நிறுத்திட்டுக் காத்திருக்கும்போது ஒரு ‘உம்’ கூடச் சொல்லலை. எல்லாரும் பூஜ்யம் போட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் மார்க் போடாம விட்டிருந்தா. ஏம்மான்னு கேட்டேன். ‘அவர் லைனைக் கட் பண்ணலையே சார், கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கார். இன்னும் கால் முடியலை, எப்படி மார்க் போடறது?’ங்கறா.”

“சார், இதையெல்லாம் உக்காந்து கேக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?” என்று சம்பள அக்கா எழுந்துவிட்டாள். உண்மையிலேயே அவள் கண்ணில் நீர் நின்றது. “கடவுளுக்கு மார்க் போடறாங்களாம்!”

பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்தது. மகள் போன பிறகு வந்த முதல் சிரிப்பு அது. நல்ல சிரிப்பு இல்லை. தொண்டையில் எலும்புத் துண்டு மாட்டிக்கொண்டது மாதிரி ஒரு சத்தம். இத்தனை நாளில் தன் கட்சியில் பேசியவர்கள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளைகள்தான். அதுவும் நாடகம் என்று நினைத்துக்கொண்டு.

அதிகாரி விரல்களைப் பிரித்து மறுபடியும் கோத்தான். “மேடம், இதைச் சுமுகமா முடிச்சுக்கலாம். அறையை நீங்க தொடர்ந்து யூஸ் பண்ணலாம். அமைதியா. அக்காகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா போதும்.”

அமைதியாக யூஸ் பண்ணுவதற்கு அந்த அறை எதற்கு என்று கேட்க நினைத்தாள். ஆனால் அறை வேண்டும். கம்மிய குரலிலாவது, முணுமுணுத்தாவது. மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் புதுசா என்ன? நிமிர்ந்து உட்கார்ந்து, சம்பள அக்காவைப் பார்த்து, பஞ்சுக் குரலில் சொன்னாள்:

“உங்களுக்கு ஏற்பட்ட மன வருத்தத்துக்கு மனமார வருந்துகிறேன். உங்கள் பொறுமைக்கு நன்றி. வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?”

அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாத்தி தலையைக் குனிந்துகொண்டான். சம்பள அக்காவுக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி முகம் சிவந்தது.

“என்கிட்ட எதுக்கு? நான் யாரு? நீ அவர்கிட்ட கேக்கணும் மன்னிப்பு. இங்க, எங்க முன்னாடி கேளு.”

“அக்கா, அது வேண்டாம்…” என்றான் அதிகாரி.

“கேக்கட்டும் சார். அப்புறம் அறையை வெச்சுக்கட்டும்.”

பஞ்சு எழுந்து நின்றாள். இதுவரை அந்தக் கட்டடத்தில் மற்றவர்கள் முன்னால் கேட்காத குரல் ஒன்று வெளியே வந்தது. கத்தல் இல்லை. அடியிலிருந்து வந்தது.

“அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். எனக்கு அவர் தரணும். நான் வாங்காம விட மாட்டேன். அறை உங்களுக்கே இருக்கட்டும். நல்லா முட்டி போடுங்க.”

மறுநாள் அமைதி அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி சம்பளப் பிரிவில் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் பஞ்சு காப்பி இயந்திரத்துப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளேயிருந்து பாட்டு மெல்லியதாக வந்தது. கழிவறைக்குப் போனாள், அங்கே ஆள் இருந்தது. மாடிப்படிக்குப் போனாள், அங்கே இரண்டு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருக்கைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டினாள். துணி துவைக்கும் இயந்திரத்தில் சட்டை கிழிந்துவிட்டது என்று ஒருவன் அவள் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். “உங்க கோபம் எனக்குப் புரியுது சார்” என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. அழைப்பைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. மகளுடைய அறையில் ஊமை மாதிரி ஓர் அமைதி. பாய் முழுக்க ஆட்கள். கண்ணை மூடி, தலையைக் குனிந்து. கணவன் சுவரோரம், மகளுடைய புத்தக மேசை இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். பஞ்சு கைப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் பக்கம், கட்டில் கிடந்த இடத்தில் காலி இடம் இருந்தது. உட்கார்ந்தாள்.

கணவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்தது. “வந்துட்டியா?” என்றான், காதும் காதும் வைத்த மாதிரி.

“வந்துட்டேன். பேசணும்னுதானே கூப்பிட்டீங்க?”

“மனசுக்குள்ள பேசும்மா.”

“எனக்கு மனசுக்குள்ள பேசிப் பழக்கமில்லை” என்று சொல்லிவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தாள். ஒட்டியிருந்த படங்களைக் கிழித்தெடுத்த இடங்களில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

“ஹலோ. நான்தான். மத்தியானம் பேச முடியலை, அறையைப் பூட்டிட்டாங்க. இனிமே இங்கேருந்துதான். இது என் மக ரூம். இங்க எவளும் என்னைப் பூட்ட முடியாது.”

சபைத் தலைவர், “அம்மா…” என்று கையை உயர்த்தினார்.

“இருங்க சார், லைன்ல இருக்கேன்” என்றாள்.

மூலையில் ஒரு பெண் எழுந்து, மிதிக்காமல் தாண்டிப் போய்ச் செருப்பைத் தேடினாள். இன்னொருவர் எழுந்தார். பஞ்சு அவர்களுக்காக நிறுத்தவில்லை. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து தொடங்கினாள். ரப்பரைத் துடைக்கச் சொன்னது, காகிதம் வைத்துப் பார்க்கச் சொன்னது, பேரன் பேத்தி கதை. குரல் ஏறியது. “அந்த நேரத்துல இவ அப்பா போனைக் கையில வெச்சுக்கிட்டு எத்தனை தடவை அடிச்சார் தெரியுமா? அவர் மறந்துட்டார். நீயும் மறந்துட்டியா?”

பிறகு வழக்கப்படி நிறுத்தினாள். பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும்.

கணவன் மறுபடியும் கண்ணை மூடியிருந்தான். உதடுகள் அசைவது மட்டும் நின்றிருந்தது. மடியில் கோத்திருந்த அவன் கைகள் பிரிந்து, ஒன்று சட்டைப் பையில் இருந்த போனைத் துணிக்கு மேலாகவே இறுகப் பிடித்துக்கொண்டது.